முப்பது நிமிடம்தான் தருவார்கள்: சமகால இசைக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஒத்திகை அறையின் கதவில் ஒட்டியிருந்த தாளில், பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவே என் பெயர் இருந்தது. ஏழு மாதம் உட்கார்ந்து எழுதிய படைப்பு; வாசித்தால் 8 நிமிடம் வரும். அதை ஐந்து பேர் முதன்முறை வாசித்துப் பார்க்க அரை மணி நேரம். குழுவை நடத்தும் கண்டக்டர் கையை உயர்த்தினார், தொடங்கினார்கள், மூன்றாவது பாரிலேயே (பார் என்றால் தாளக் கட்டம்) நின்றுவிட்டது. கிளாரினெட் மட்டும் யாரோடும் சேராமல் ஒரு முழுச் சுரம் கீழே போய்க்கொண்டிருந்தது. மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அதே கதை. கடைசியில் கிளாரினெட் வாசித்தவர் தன் தாளைத் திருப்பி என்னிடம் காட்டி, "ஸ்கோரில் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

அப்படியே எடுத்ததுதான். பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஸி என்ற சுரம் எழுதியிருப்பதை வாசித்தால் காதில் விழுவது ஒரு சுரம் கீழே இருக்கும் பி ஃபிளாட். ஸ்கோரில், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்திருக்கும் முழுப் பிரதியில், எல்லாவற்றையும் ஒலிக்கிற சுருதியிலேயே எழுதலாம், பலரும் எழுதுகிறார்கள்; ஒரு வாத்தியத்தின் வரி மட்டும் பிரித்து வாசிப்பவர் கைக்குப் போகும் பார்ட்டில் மட்டும் ஒரு சுரம் ஏற்றித் தர வேண்டும். மென்பொருளில் ஒரே ஒரு பொத்தான். நான் அழுத்தவில்லை. அவர் கெட்டிக்காரர், மனசுக்குள்ளேயே ஏற்றி வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதற்குள் 11 நிமிடம் போய்விட்டது. படைப்பின் கடைசி இரண்டு பக்கத்தை அன்று நான் கேட்கவே இல்லை.

பிறகு பல வருடம் அதே மாதிரி ஒரு குழுவில் மேசைக்கு மறுபக்கம் இருந்தேன். பார்ட்டுகளை அடுக்குவது, ஸ்டாண்டு தூக்குவது, "இன்னும் ஐந்து நிமிடம்" என்று விரலைக் காட்டுவது என் வேலை. வருகிற இளைஞர்களில் கற்பனைக்குப் பஞ்சமானவர் யாரையும் பார்த்ததில்லை. ஒத்திகை நேரம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஓட்டைகளைப் பற்றியதுதான்.

முதலில் ஆள் கணக்கு

இசையமைப்பாளர் என்றவுடன் நமக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். இங்கே சொல்வது கச்சேரி மேடைக்காக ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டு மேற்கத்தியச் சுரக்குறிப்பில், எழுதப்படும் புதிய இசை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன, எப்போது, எவ்வளவு சத்தமாக என்பதுவரை எழுத்தில் இருக்கும். அதை வாசிக்கவென்றே இருக்கும் குழுக்களைத்தான் சமகால இசைக் குழு என்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் விதை விழுந்த ஆண்டு என்று 1912-ஐச் சொல்லலாம். இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பர்க் அந்த ஆண்டு 'பியரோ லூனேர்' என்ற படைப்பை எழுதினார். ஒரு குரல், ஐந்து வாத்தியக்காரர்கள். புல்லாங்குழல்காரர் பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலும், கிளாரினெட்காரர் பேஸ் கிளாரினெட்டும், வயலின்காரர் சற்றுப் பெரிய வியோலாவும் நடுநடுவே மாற்றி எடுப்பார்கள். கூடவே செல்லோ, பியானோ. ஆக ஐந்து பேர் கையில் எட்டு வாத்தியம். 1967-இல் பிரிட்டனில் இசையமைப்பாளர்கள் பர்ட்விசிலும் மேக்ஸ்வெல் டேவிஸும் இதே அமைப்பில் 'பியரோ பிளேயர்ஸ்' என்றே ஒரு குழு தொடங்கினார்கள். இதோடு ஒரு தாள வாத்தியக்காரரைச் சேர்த்தால், இன்று உலகத்தில் பல குழுக்கள் வைத்திருக்கும் அமைப்பு வந்துவிடும். பெரிய குழுக்கள் வேறு ரகம். லண்டன் சின்ஃபோனியெட்டா 1968-இல் தொடங்கியது. பியேர் பூலெஸ் 1976-இல் பாரிஸில் தொடங்கிய 'ஆன்சாம்பிள் ஆன்டெர்கோன்டெம்போரென்' 31 பேர் கொண்டது. நான்கு வில் வாத்தியக்காரர்கள் மட்டும் கொண்ட நால்வர் குழுக்களில் குரோனோஸ் தொடங்கியது 1973, ஆர்டிட்டி 1974.

இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே ஒரு பார்ட்டுக்கு ஒரே ஆள். ஆர்கெஸ்ட்ராவில் பதினான்கு வயலின் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் தடுக்கினால் கூட்டத்தில் மறைந்துவிடும். இங்கே மறையாது. நீங்கள் எழுதிய சந்தேகமான இடமும் மறையாது.

இன்னொன்றும் உண்டு. 'பியரோ லூனேர்' பெர்லினில் அக்டோபர் 16-ஆம் தேதி மேடையேறும் முன் 40 ஒத்திகை நடந்தது. உங்களுக்குக் கிடைப்பது அரை மணி.

ஆகவே முதல் வேலை, நீங்கள் அணுகப்போகும் குழுவில் யார் யார், ஒவ்வொருவரும் உண்மையில் எந்தெந்த வாத்தியம் வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவது. புல்லாங்குழல்காரர் என்றால் ஆல்டோ புல்லாங்குழலும் வைத்திருப்பார் என்று நினைத்து எழுதிவிட்டுப் பிறகு வாடகைக்குத் தேடி அலையாதீர்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு ஒத்திகையில் உட்காருங்கள்

பதிவுகளைக் கேட்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள். கேளுங்கள், ஆனால் ஸ்கோரை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். குரோனோஸ் குவார்டெட் இளம் நால்வர் குழுக்களுக்காகவே 50 புதுப் படைப்புகளை எழுத வைத்து, ஸ்கோர், பார்ட், பதிவு எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் 25 பெண்கள் எழுதியவை, 25 ஆண்கள் எழுதியவை. ஜாகிர் ஹுசைனின் 'பல்லவி'யும் அதில் இருக்கிறது. ஒரு தேர்ந்த பார்ட் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஸ்கோரைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். பார்ட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் பார்ட்டைத் திறந்து பாருங்கள்.

அதைவிடப் பெரிய பாடம் ஒத்திகையில் இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள், மரியாதையாகக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டால் ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். இசையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஒவ்வொரு முறை வாசிப்பு நிற்கும்போதும் ஏன் நின்றது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "பார் எண் ஸ்கோரில் ஒன்று, பார்ட்டில் ஒன்று." "இங்கே வில்லா, விரலா என்று போடவில்லை." "பக்கம் திருப்ப முடியவில்லை." இரண்டு மணி நேரத்தில் உங்கள் நோட்டில் சேரும் பட்டியல்தான் நீங்கள் செய்யக்கூடாதவற்றின் பட்டியல்.

உள்ளே போக நான்கு வாசல்

பொது அழைப்பு ஒன்று. குறிப்பிட்ட வாத்திய அமைப்புக்கு எழுதிய ஸ்கோரை அனுப்பச் சொல்வார்கள், ஒரு குழு தேர்ந்தெடுக்கும். நெதர்லாந்தின் காடியாமஸ் பரிசு 1957-இலிருந்து இளம் இசையமைப்பாளர்களுக்கென்றே நடப்பது. இரண்டாவது, வாசிப்பு அமர்வு: கச்சேரி இல்லை, பரிசு இல்லை, எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள், பதிவு தருவார்கள். என்னைக் கேட்டால் முதன்முறை வருகிறவருக்கு இதுதான் நல்லது. மூன்றாவது, கோடைப் பள்ளிகளும் அகாதெமிகளும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1946-இலிருந்து புதிய இசைக்கான கோடை வகுப்புகள் நடக்கின்றன. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் ஒரே இடத்தில் கூடுவார்கள். நான்காவது கமிஷன். தரகுப் பணம் இல்லை. இந்த உலகத்தில் கமிஷன் என்றால் "எங்களுக்காக ஒரு படைப்பு எழுதுங்கள்" என்று சம்பளம் பேசிக் கொடுக்கும் வேலை. அது முதலில் வராது. முதல் மூன்றும் பழகினபின் வரும்.

அழைப்பின் நிபந்தனைகளை இரண்டு முறை படியுங்கள். வயது வரம்பு எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது? ஏற்கெனவே மேடையேறிய படைப்பை ஏற்பார்களா? நீளம் 8 நிமிடத்துக்குள் என்றால் எட்டரை நிமிடத்தை அனுப்பாதீர்கள். "யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்" என்று நினைப்பீர்கள், கடிகாரம் பார்ப்பதற்கென்றே அங்கே என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயர் தெரியாமல் அனுப்பச் சொன்னால் அட்டையில் மட்டும் அழித்தால் போதாது. கோப்பின் பெயரிலும், பிடிஎஃப்பின் பண்புகளிலும், சிலர் போடும் ஒலிப்பதிவின் ஆரம்ப அறிவிப்பிலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும்.

நுழைவுக் கட்டணம் கேட்கும் அழைப்புகளை நான் தவிர்க்கச் சொல்வேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கட்டணம் கட்டியும் வாசிப்புக்கு உத்தரவாதம் இல்லை, பதிவும் இல்லை என்றால் அதில் உங்களுக்கு என்னதான் இருக்கிறது?

எதிரில் இருக்கும் ஆளுக்கு எழுதுங்கள்

கணினி உங்களிடம் நிறையப் பொய் சொல்லும். கணினியின் புல்லாங்குழல் மூச்சு விடாது. அதன் செல்லோ நொடிகூட எடுக்காமல் மியூட் (ஒலியை அடக்கும் சின்னக் கட்டை) போட்டுக் கழற்றும். பியானோ உரக்க வாசிக்கும்போதும் கீழ்ச்சுரத்தில் முனகும் புல்லாங்குழல் தெளிவாகக் கேட்கும். மேடையில் அந்தப் புல்லாங்குழல் இருந்த இடம் தெரியாது.

ஆகவே எழுதத் தொடங்கி கால்வாசி ஆனதும் வாசிப்பவரைச் சந்தியுங்கள். முடித்த பிறகு போவதில் பயனில்லை. அப்போது மாற்ற உங்களுக்கே மனசு வராது. அரை மணி கேளுங்கள். இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் தாளில் எழுதிக் கொண்டுபோய், "இது எப்படி இருக்கிறது, இதையே சுலபமாக எழுத வழி உண்டா?" என்று கேளுங்கள். "இது முடியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தேர்ந்த கலைஞர் எல்லாவற்றுக்கும் "முடியும்" என்றுதான் சொல்வார். மூன்று வாரம் பயிற்சி செய்தால் முடியுமா, பார்த்தவுடன் முடியுமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

சந்திப்பில் மட்டுமே தெரியவரும் சில விஷயங்கள் உண்டு. வில்லின் மரத்தால் கம்பியைத் தட்டும் ஒலி எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வாசிப்பவருக்குத் தன் விலை உயர்ந்த வில்லின் மேல் உயிர். முன்கூட்டியே சொன்னால் மலிவான இரண்டாவது வில்லைக் கொண்டு வருவார். சொல்லாமல் விட்டால், ஒத்திகையில் காதுக்கு எட்டாத அளவில் மெதுவாகத் தொட்டுவிட்டுச் சிரிப்பார். பியானோவின் உள்ளே கம்பியை மீட்டச் சொல்லி எழுதுகிறீர்களா? உள்ளே குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொரு கம்பெனியின் பியானோவிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். உங்கள் வீட்டுப் பியானோவில் கைக்கு எட்டிய கம்பி அரங்கத்துப் பியானோவில் சட்டத்தின் அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அரங்கத்துக்காரர்கள் உள்ளே கை வைக்கவே அனுமதிக்காமலும் போகலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

கிளாரினெட்டிலும் புல்லாங்குழலிலும் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சுரம் எழுப்பும் மல்ட்டிஃபோனிக்ஸ் என்றால், புத்தகத்தில் பார்த்த விரல் அமைப்பை நம்பி எழுதாதீர்கள். வாத்தியத்துக்கு வாத்தியம், வாசிப்பவருக்கு வாசிப்பவர் அது மாறும். அவர் முன்னால் உட்கார்ந்து, அவருக்கு நிச்சயமாக வருகிற நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, விரல் அமைப்பையும் பார்ட்டிலேயே வரைந்து கொடுங்கள்.

ஹார்ப்பில் 47 கம்பி, 7 மிதி, ஒவ்வொரு மிதிக்கும் மூன்று நிலை. வாசிப்பவரின் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வேகமான அரைச்சுர ஓட்டம் எழுதும் முன் உங்கள் காலையும் மேசைக்கடியில் ஆட்டிப் பாருங்கள்.

தாள வாத்தியக்காரருக்கு எழுதும்போது எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம். உலகத்தில் உள்ளதையெல்லாம் கேட்டுவிடுகிறோம். நான் ஸ்டாண்டு தூக்கியவன். சொல்கிறேன், மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் பெரிய மரிம்பா ஒன்றை இடம் மாற்ற இரண்டு பேர் வேண்டும். கச்சேரியில் உங்களுடையது ஆறு படைப்பில் ஒன்று. ஒவ்வொன்றும் தனி அமைப்புக் கேட்டால் சபை பார்த்துக்கொண்டிருக்க மேடையில் தட்டுமுட்டுச் சாமான் மாற்றும் படலம் நடக்கும். வாத்தியங்கள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தில் நீங்களே நின்று, ஒரு கோலிலிருந்து மறுகோலுக்கு மாற எத்தனை அடி, எத்தனை நொடி என்று எண்ணுங்கள். வாத்தியம் மாற்றும் மற்றவர்களுக்கும் இதே கணக்குத்தான். பிக்கலோவை எடுத்து ஊதுவதற்கு முன், ஜில்லென்று இருக்கும் அதைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளவும் நேரம் வேண்டும். இல்லையென்றால் முதல் சுரமே சுருதி இறங்கித்தான் வரும்.

பார்ட் என்ற அந்தத் தாள்

இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும். நிமிடங்கள் அதிகம் ஒழுகும் இடம் இதுதான்.

வாசிப்பவர் உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது தன் வரி மட்டுமே. நீங்கள் ஸ்கோரின் முன்பக்கத்தில் அழகாக எழுதி வைத்த குறிவிளக்கம் கண்டக்டருக்குத்தான் போகும். புதுக் குறி எதுவானாலும் அதன் விளக்கம் அந்தந்தப் பார்ட்டிலும் இருக்க வேண்டும்; குறி முதலில் வரும் இடத்தில் ஒரே வரியில் இருந்தால் இன்னும் நல்லது. "முக்கோணத் தலை: நாக்கைச் சுண்டு, சுருதி வேண்டாம்." அவ்வளவுதான். அரைப் பக்க தத்துவம் வேண்டாம்.

மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி. மியூஸ்ஸ்கோர் இலவசம், டோரிகோ, சிபேலியஸ் பணம் கொடுத்து வாங்குவது. ஃபினாலேயை 2024 ஆகஸ்டில் அதைத் தயாரித்தவர்களே நிறுத்திவிட்டார்கள், புதிதாகக் கற்பவர் அதில் தொடங்க வேண்டாம். ஆனால் எந்த மென்பொருளும் பார்ட்டைத் தானாகச் சரியாகப் பிரித்துத் தராது. ஸ்கோருக்கு ஒரு மாதம் செலவழித்தால் பார்ட்டுக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். முந்தின நாள் இரவு உட்கார்ந்து பிரித்த பார்ட்டை நான் பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்: தடித்த எழுத்தும் மெல்லிய எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

அளவு: ஐந்து கோடுகளின் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை 8 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்குச் சுகம். 7-க்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்டாண்டு கண்ணிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கும், மேடை விளக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, வாசிப்பவருக்கு ஐம்பது வயதும் இருக்கலாம்.

பக்கம் திருப்பல்: வலது பக்கத்தின் கடைசியில் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்க வேண்டும். இல்லையா, அந்தப் பக்கத்தைப் பாதியிலேயே முடித்துவிடுங்கள். வெற்றுத் தாள் விட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு ஒத்திகையில் வியோலாக்காரர் இரண்டு கையும் ஓயாமல் வாசித்தபடி, பக்கத்தின் மூலையைப் பல்லால் கவ்வித் திருப்பினார். எல்லோரும் சிரித்தார்கள், எழுதியவர் உட்பட. திருப்பிய பக்கத்தில் ஒரு பார் தவறிப்போனது, அங்கிருந்து முடிவுவரை எதுவும் சேரவில்லை. கால் மிதியோடு கைக்கணினியில் படிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது வசதிதான், ஆனால் உங்கள் ஐந்து பேரில் ஒருவராவது காகிதக்காரராக இருப்பார். காகிதம் கொடுத்தால் தனித்தனித் தாளாகக் கொடுக்காதீர்கள். முதுகில் டேப் ஒட்டி விரிகிற மாதிரி கொடுங்கள். ஸ்டேப்ளர் அடித்த தாள் ஸ்டாண்டில் விரிந்து நிற்காது.

நீண்ட ஓய்வு: பத்துப் பன்னிரண்டு பாருக்கு மேல் சும்மா இருக்கிறவருக்கு, திரும்ப நுழையும் இடத்துக்கு முன்னால் மற்றொரு வாத்தியத்தின் வரியைச் சின்ன எழுத்தில் போட்டுக் கொடுங்கள். அதற்கு க்யூ என்று பெயர். எந்த வாத்தியத்தைப் போடுவது? ஸ்கோரில் முக்கியமாகத் தெரிவதைப் போடாதீர்கள். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காதில் விழுவதைப் போடுங்கள்.

பார் எண் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒன்றாக. ஒத்திகையில் இடம் சொல்ல உதவும் ஏ, பி, ஸி என்ற அடையாள எழுத்துகளை இசையில் ஏதாவது மாறுகிற இடத்தில் வையுங்கள், 10 பாருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி. கடைசி நேரத்தில் ஒரு பாரைச் சேர்த்துப் பார்ட்டை மட்டும் புதிதாக அனுப்பிய ஒருவரால், கண்டக்டர் ஒரு பதிப்பிலும் மற்றவர்கள் வேறு பதிப்பிலும் நின்றுகொண்டு "ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா?" என்று பேசிக்கொண்டிருந்த காட்சியை நான் மறக்க மாட்டேன்.

அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு பார்ட்டையும் அச்சடித்து, ஸ்கோரை மூடிவிட்டு, கையில் வாத்தியம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) ஓட முதலிலிருந்து கடைசிவரை வாய்க்குள் பாடிப் போங்கள். வேகம் அதிகம் என்பதும் அப்போதுதான் புலப்படும். ஒத்திகைக்கு குறைந்தது நான்கு வாரம் முன்னால் பார்ட்டுகள் போய்ச் சேரட்டும்.

அந்த அரை மணி

முன்னாலேயே போய்விடுங்கள். எல்லோருக்கும் பார்ட் வந்திருக்கிறதா என்று பார்த்து, மேலதிகப் பிரதி ஒரு செட் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் பக்கத்தில், ஸ்கோரோடும் பென்சிலோடும் உட்காருங்கள்.

அறிமுகம் செய்யச் சொல்வார்கள். படைப்பு எந்தக் கவிதையிலிருந்து பிறந்தது, எந்த இரவில் தோன்றியது என்பதெல்லாம் கச்சேரிக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். இங்கே இரண்டே வாக்கியம்: "முதல் பாதியில் யாரும் தனியாகத் தெரிய வேண்டாம். எழுத்து டி-யிலிருந்து கிளாரினெட்தான் வழிகாட்டி." மன்னிப்பும் கேட்க வேண்டாம். "இது கொஞ்சம் கஷ்டம், தப்பாக எழுதியிருப்பேன்" என்று ஆரம்பித்தால் வாசிப்பவர்கள் தப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வாசிப்பை நிற்காமல் கடைசிவரை ஓடவிடச் சொல்லுங்கள், எவ்வளவு சிதறினாலும். முழு உருவத்தை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். நான் அன்று கேட்காமல் விட்ட இரண்டு பக்கத்தை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வாசிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். இருபது குறை தெரியும். மூன்றை மட்டும் வட்டமிடுங்கள்: ஒன்றைச் சரி செய்தால் நான்கு தானாகச் சரியாகும்படியான மூன்று. அநேகமாக வேகமும், சத்த அளவும், யார் யாரைக் கேட்டு நுழைவது என்பதும் அவற்றில் இருக்கும்.

சொல்லும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடம் முதலில், ஆள் இரண்டாவது, விஷயம் கடைசியில். "எழுத்து டி-க்கு அப்புறம் நான்காவது பார். செல்லோ. இன்னும் மெல்ல, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில்." இதையே தலைகீழாக, "அந்த மாதிரி ஒரு உடையும் சத்தம் வேணும், செல்லோவில், அந்த நடு இடத்தில..." என்று இழுத்தால் ஐந்து பேரும் தாளைப் புரட்டிக்கொண்டு இருப்பார்கள். கண்டக்டர் இருந்தால் அவர் மூலமாகச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் கட்டளை போட்டால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சத்த அளவையும் வேகத்தையும் அங்கேயே மாற்றலாம். சுரங்களையும் தாளத்தையும் அங்கே மாற்றாதீர்கள். ஐந்து பேர் பென்சில் எடுத்து எழுதி முடிக்க ஆகும் நேரத்தில் அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்துவிடலாம். வீட்டுக்குப் போய் மாற்றுங்கள்.

யாராவது "இதைக் கீழ்ச் சுரத்தில் வாசித்தால் தேவலையா?" என்று கேட்டால், உடனே ரோஷப்படாதீர்கள். அந்தக் கேள்விக்குள் "எழுதியபடி வராது" என்ற செய்தி மரியாதையாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வாசிக்க வருகிற இளைஞர்களுக்கு

இதுவரை எழுதுகிறவர்களோடு பேசினேன். வாசிக்க வருகிறவர்களின் பயம் வேறு. "பதிவே இல்லாத ஒன்றை எப்படிக் கற்பது?" என்பார்கள். அதுதான் இந்த வேலையே. கேட்டுப் பழகியதை வாசிப்பது இங்கே நடக்காது. உங்கள் வாசிப்புதான் அந்தப் படைப்பின் முதல் பதிவு.

குழுக்களே நடத்தும் பயிற்சி இடங்கள் இருக்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஆன்சாம்பிள் மாடர்ன் 2003-இல் ஓர் அகாதெமி தொடங்கியது. நியூயார்க்கில் 1987-இல் மூன்று இசையமைப்பாளர்கள் தொடங்கிய பேங் ஆன் எ கேன், 2002-இலிருந்து மாசசூசெட்ஸில் ஒரு பெரிய கலைக்கூடத்தில் கோடைப் பயிற்சி நடத்துகிறது. இவற்றில் கிடைக்கும் பெரிய லாபம் வகுப்பு இல்லை. அனுபவசாலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே பார்ட்டை வாசிப்பது. அவர் எந்த இடத்தில் தலையை நிமிர்த்துகிறார், எங்கே மூச்சு எடுக்கிறார், பென்சிலால் என்ன கிறுக்குகிறார் என்று பார்த்தாலே பாதி படித்த மாதிரி.

தேர்வுக்குப் போகும்போது வேகத்தைக் காட்டும் ஒரு துண்டும், நிதானத்தைக் காட்டும் ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இரண்டுமே வேகமாக எடுத்து வருவார்கள். நீண்ட ஒரு சுரத்தை அசையாமல் பிடிப்பதைக் கேட்டுத்தான் நான் பார்த்த நடுவர்கள் முடிவு செய்தார்கள்.

எண்ணிக்கைக்கு நம்மிடம் ஒரு சொத்து இருக்கிறது. ஏழு எட்டாம் சுரம் கொண்ட பார் வந்தால் ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஏழுவரை எண்ணித் திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "தகிட தகதிமி" என்று சொன்னால் முடிந்தது. மூன்றும் நாலும் வாயிலேயே பிரிந்து நிற்கும். "தகதிமி தகிட" என்றால் நாலும் மூன்றும். அஞ்சுக்கு "தக தகிட". பார் மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்தில் மேலே பென்சிலால் சொற்கட்டை எழுதிக்கொண்டு, வாத்தியத்தைத் தொடாமல் கைதட்டி நான்கு நாள் சொல்லுங்கள். (எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏழை எப்படிப் பிரிப்பது என்று சுரங்களைச் சேர்க்கும் மேற்கோட்டிலேயே காட்டுங்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள்.)

நண்பர்கள் சேர்ந்து நீங்களே ஒரு குழு தொடங்க நினைத்தால், டெர்ரி ரைலி 1964-இல் எழுதிய 'இன் ஸி'யில் தொடங்குங்கள். 53 சின்னத் துண்டுகள், ஒரே தாளில் அடங்கும், எந்த வாத்தியமும் எத்தனை பேரும் சேரலாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டையும் விருப்பமான தடவை வாசித்து அடுத்ததற்குப் போவார்கள். வாசிப்பது சுலபம். மற்றவரை விட்டு ரொம்ப முன்னால் ஓடாமலும் பின்தங்காமலும் இருப்பது சுலபமில்லை. குழு என்றால் என்ன என்று அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: உடம்புக்கோ வாத்தியத்துக்கோ கேடு வரும் என்றால் மறுத்துப் பேசுங்கள். "இது எனக்கு வலிக்கிறது, இதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாமா?" என்று வாசித்துக் காட்டுங்கள். எழுதியவர் பெரும்பாலும் சந்தோஷப்படுவார், அவருக்கே அது தெரிந்திருக்காது.

காகிதம், காசு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவறவிடாதீர்கள். படைப்பின் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். குழு கேட்கக்கூடியது முதல் அரங்கேற்ற உரிமையும், அதற்குப் பின் குறிப்பிட்ட காலம்வரை தனி உரிமையும். எவ்வளவு காலம் என்று எழுத்தில் இருக்கட்டும். பணம் இரண்டு தவணையாக வருவது வழக்கம், கையெழுத்தின்போது ஒன்று, ஸ்கோர் கொடுத்ததும் ஒன்று. பார்ட் தயாரிக்கும் செலவு யாருடையது என்று கேளுங்கள்; கேட்காவிட்டால் அது உங்களுடையது. பதிவை நீங்கள் கேட்க மட்டும் தருகிறார்களா, இணையத்தில் ஏற்றலாமா என்பது தனிக் கேள்வி. வாசித்தவர்களின் சம்மதமும் அதில் வேண்டும். கவிதைக்கு இசை போடுகிறீர்கள் என்றால் எழுதத் தொடங்கும் முன்பே கவிஞரிடமோ பதிப்பாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முடித்த பிறகு அனுமதி மறுக்கப்பட்டு பீரோவில் தூங்கும் பாட்டுகள் எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

கச்சேரிக்கு மறுநாள்

கைதட்டல், படங்கள், வாழ்த்து எல்லாம் வரும். அன்று இரவே ஒரு வேலை இருக்கிறது: ஸ்டாண்டுகளிலிருந்து பார்ட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விட்டால் காலையில் குப்பைக்குப் போய்விடும். கைக்கணினியில் வாசித்தவர்களிடம் குறிப்புகளோடு பிரதி கேளுங்கள்.

புதுப் படைப்புக்கு முதல் மேடை கிடைப்பதைவிட இரண்டாவது மேடை கிடைப்பது கஷ்டம். முதல் அரங்கேற்றம் என்றால் எல்லாக் குழுவுக்கும் ஆசை. இரண்டாவது என்றால் யாருக்கும் அவ்வளவு ஆசை இல்லை. ஷோன்பர்க்குக்கு இது தெரிந்திருந்தது. 1918-இல் வியன்னாவில் அவர் தொடங்கிய தனிக் கச்சேரிச் சங்கத்தில் விமர்சகர்களுக்கு இடமில்லை, கைதட்டக் கூடாது, என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று முன்னால் சொல்வதும் இல்லை. மூன்று வருடத்தில் 117 கச்சேரி, 154 படைப்பு, 353 வாசிப்பு. வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு தடவைக்கு மேல். ஆகவே குழுவிடம் விடைபெறும்போதே, "அடுத்த பருவத்தில் மறுபடி வைக்க முடியுமா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்களால் முடியாவிட்டால் அதே வாத்திய அமைப்பு உள்ள வேறு மூன்று குழுக்களின் பெயரைக் கேளுங்கள்.

வாங்கி வந்த பார்ட்டுகளை மேசையில் விரியுங்கள். சில இடங்களில் சுரத்தின் மேல் இரண்டு வட்டமும் நடுவே ஒரு கோடும் போட்டிருக்கும். மூக்குக் கண்ணாடி படம். "இங்கே கண்டக்டரைப் பார்" என்று வாசிப்பவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட குறி. பக்கத்தின் அடியில் "வி.எஸ்." என்றிருந்தால் சட்டென்று திருப்பு என்று அர்த்தம், நீங்கள் அங்கே இடம் விடவில்லை. ஒரே பாரில் ஐந்து பார்ட்டிலும் கண்ணாடி இருந்தால் குற்றம் அவர்களுடையது இல்லை. அந்தப் பாரைத் திறந்து வேறு மாதிரி எழுதுங்கள். பென்சிலில் இருப்பதையெல்லாம் கோப்பில் ஏற்றி, அடியில் புதுத் தேதி போட்டு, கிளாரினெட் பார்ட்டைப் பிரிக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்திவிட்டோமா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள்.